அண்ணன் விழுந்துவிட்டால் படகை யார் ஓட்டுவது?

சிம்பாங் அம்பாட் என்றால் நாற்சந்தி. பெயரிலேயே சாலைதான் இருக்கிறது. நெடுஞ்சாலை, ரயில் பாதை, வரிசை வரிசையாகப் புதிய வீடமைப்புகள். இங்கே வீடு வாங்கிக் குடிவந்திருக்கும் இளம் குடும்பங்களுக்குக் கடல் என்பது பெரும்பாலும் இரண்டாவது பாலத்தில் போகும்போது கார்க் கண்ணாடி வழியே தெரியும் சாம்பல் நிறப் பரப்பு, அவ்வளவே. ஆனால் மேற்கே கொஞ்ச நேரம் ஓட்டினால் புக்கிட் தம்புன் வந்துவிடும். அதைத் தாண்டினால் பத்து காவான், பத்து மூசாங் படகுத்துறை. அங்கிருந்து புலாவ் அமானுக்குப் படகேறி, மீ ஊடாங் சாப்பிட்டுவிட்டு மாலைக்குள் வீடு திரும்பலாம். ஞாயிற்றுக்கிழமைக்கு இதைவிட மலிவான சந்தோஷம் இந்த வட்டாரத்தில் இல்லை.

இப்போது இன்னொரு பழக்கமும் வந்திருக்கிறது. நண்பர்கள் மூன்று நான்கு பேர் பணம் போட்டு, சின்ன ஃபைபர் படகு ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். பாலத்தூண்களுக்கு அடியில் மீன் பிடிக்க, பிள்ளைகளைத் தீவுக்குக் கூட்டிப்போக என்று ஆளுக்கொரு காரணம். என் அண்ணனும் அப்படி ஒரு படகில் மூன்றில் ஒரு பங்குக்காரர். 17 அடி நீளம், பின்னால் ஓர் அவுட்போர்டு எஞ்சின். படகு வந்த மறுநாள் அண்ணி கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. "நீங்க தண்ணியில விழுந்துட்டா யாரு ஓட்டுறது? நானா, இந்த ஏழு வயசுப் பிள்ளையா?"

அண்ணனிடம் பதில் இல்லை. அதனால் அண்ணன், அண்ணி, அவர் பங்காளி ஒருவர், நான் என நான்கு பேரும் இரண்டு நாள் சிறுபடகுப் பயிற்சி ஒன்றில் போய் உட்கார்ந்தோம். நான் வானொலிக்காரி. கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இரவு நிகழ்ச்சியில் போடும் கடல் பாட்டுகள்தான். படகு ஓட்டுபவருக்கு வேண்டிய அறிவு வேறு, அவரோடு உட்கார்ந்து போகிறவருக்கு வேண்டிய அறிவு வேறு என்று நினைத்துப் போனேன். இரண்டும் ஒன்றுதான். சின்னப் படகில் 'பயணி' என்று ஒருவர் கிடையாது. இருப்பது மாலுமியும் இரண்டாவது மாலுமியும்தான்.

சிவப்புச் சுருள் கயிறு

அவுட்போர்டு எஞ்சினில் சிவப்பு நிறத்தில் சுருள் கயிறு ஒன்று தொங்கும். ஒரு முனை எஞ்சினின் நிறுத்துவிசையில் செருகியிருக்கும். மறுமுனையை ஓட்டுபவர் தன் தொடையிலோ லைஃப் ஜாக்கெட்டிலோ மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் தூக்கி வீசப்பட்டால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், எஞ்சின் நின்றுவிடும். வேலை அவ்வளவுதான். நம் பக்கத்துப் படகுகளில் இந்தக் கயிறு எஞ்சினிலேயே செருகப்பட்டு, மறுமுனை காற்றில் ஆடிக்கொண்டிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சீட் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டி வைப்பது போலத்தான் இதுவும்.

2013 மே 5-ஆம் தேதி இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில், பாட்ஸ்டோ அருகே, ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பம் விடுமுறைக்குப் படகில் போனது. வேகமாகத் திரும்பும்போது ஆறு பேரும் தண்ணீரில் வீசப்பட்டார்கள். கயிறு யார் உடம்பிலும் மாட்டப்பட்டிருக்கவில்லை. ஆளில்லாத படகு எஞ்சின் ஓடியபடியே வட்டமடித்துத் திரும்பி வந்து, தண்ணீரில் கிடந்தவர்கள் மீது ஏறியது. தந்தையும் 8 வயது மகளும் இறந்தார்கள். மற்றவர்களில் சிலருக்குப் படுகாயம். கடல் அன்று கொந்தளிக்கவில்லை, படகும் பழையதல்ல. அவுட்போர்டு படகில் ஆள் இல்லாவிட்டால் எஞ்சின் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டு வட்டமடிப்பது இயல்பு. விழுந்த இடத்துக்கே அது திரும்பி வரும்.

பயிற்சியில் இதைத்தான் முதலில் செய்ய வைத்தார்கள். ஓட்டுநர் இருக்கையில் அண்ணி. "நிறுத்துங்க" என்றதும் கயிற்றைப் பிடுங்க வேண்டும். பத்து முறை. பிறகு ஓட்டுபவர் மாறும்போது செய்ய வேண்டியது: முதலில் எஞ்சினை நிறுத்து, கயிற்றைக் கைமாற்று, மாட்டு, அப்புறம்தான் எஞ்சின். ஓடும் படகில் "கொஞ்சம் பிடி" என்று ஸ்டியரிங்கைக் கொடுப்பது கூடாது. மாற்றுக் கயிறு ஒன்று படகில் கட்டாயம் இருக்க வேண்டும். மாலுமி கயிற்றோடு விழுந்துவிட்டால், அது இல்லாமல் மற்றவர்களால் எஞ்சினைக் கிளப்பி அவரிடம் போக முடியாது. இது எனக்குத் தோன்றியே இருக்காது.

ஒருவர் விழுந்துவிட்டால் கத்த வேண்டும், கையை நீட்டி அவரைச் சுட்டிக்காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சுட்டுகிறவருக்கு வேறு வேலை கிடையாது, கண்ணையும் எடுக்கக் கூடாது. சின்ன அலைகளுக்கு நடுவே ஒரு மனிதத் தலை தேங்காய் அளவுதான் தெரியும், ஒரு முறை தவறவிட்டால் மறுபடி கண்டுபிடிப்பது கடினம். மிதக்கும் எதையாவது அவரை நோக்கி எறியுங்கள். மெதுவாகக் காற்றுக்கு எதிராக அவரை நெருங்குங்கள். அருகில் வந்ததும் எஞ்சினை நிறுத்திவிடுங்கள், நியூட்ரலில் விட்டால் போதாது. பின்பக்க விசிறி சுழலும்போது ஆளை ஏற்றக் கூடாது.

தேக்கடியும் பழவேற்காடும்

2009 செப்டம்பர் 30 அன்று கேரளத்தின் தேக்கடி ஏரியில் ஜலகன்யகா என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் அதில் நிறைய பேர். கரையோரம் நின்ற விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டது காரணங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்து, 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் உல்லாசமாகப் போன ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் போய்விட்டார்கள். இரண்டு இடமும் ஏரி. புயலும் இல்லை, ராட்சத அலையும் இல்லை.

படகு கவிழப் பெரிய அலை தேவையில்லை. ஆளுக்கு 70 கிலோ என்று வைத்தாலும், மூன்று பேர் "டால்ஃபின்! டால்ஃபின்!" என்று எழுந்து ஒரே ஓரத்துக்கு வந்தால் 210 கிலோ இடம் மாறுகிறது. எழுந்து நிற்பதால் எடையும் உயரே போய்விடுகிறது. பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள், எதைக் கண்டாலும் உட்கார்ந்தபடியே பார்க்க வேண்டும். மாமா பையன், சித்தப்பா பையன், "அவனும் வரட்டும் லா" என்று ஏற்றுவது நம் வழக்கம். காரில் மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று வாதாடுகிற அதே வாய் இங்கேயும் வாதாடும். படகில் எழுதியிருக்கும் எண்ணிக்கைக்கு மேல் ஒருவரைக்கூட ஏற்றாமல் இருக்க மாலுமிக்குக் கொஞ்சம் முகத் தாட்சண்யம் குறைவாக இருக்க வேண்டும்.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றி ஒரே ஒரு விவரம், கடைக்காரர்கள் பெரும்பாலும் சொல்லாதது. உள்ளே இருக்கும் சீட்டில் 50, 100, 150 என்று நியூட்டன் கணக்கு இருக்கும். 50 என்பது நீந்தத் தெரிந்தவருக்கு உதவி மட்டுமே. மயங்கியவரை முகம் மேலே இருக்கும்படி புரட்டிப் போடும் வேலை 100-க்கு மேல்தான், கடலுக்கு 150 நல்லது. குழந்தைகளுக்குக் கால்களுக்கு இடையே போகும் பட்டை இல்லாத ஜாக்கெட் வாங்காதீர்கள். தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மேலே மிதக்கும், பிள்ளை கீழே நழுவிவிடும். இருக்கைக்கு அடியில் அடுக்கி வைத்திருக்கும் ஜாக்கெட்டைக் கவிழும் நேரத்தில் எடுத்து மாட்ட யாராலும் முடியாது. படகுத்துறையில் நிற்கும்போதே போட்டுக்கொள்ளுங்கள். வியர்க்கும், வியர்க்கட்டும்.

நாள்காட்டியில் இருக்கிறது கடல்

பத்து காவான், புக்கிட் தம்புன் கரைகள் சேற்றுக் கரைகள். தண்ணீர் ஏறியிருக்கும்போது எங்கு பார்த்தாலும் ஒரே கடல், வற்றும்போது அதே இடத்தில் கொக்கு நடந்து போகும். காலையில் ஜோராகப் போன படகு மதியம் சேற்றில் உட்கார்ந்து, அடுத்த ஏற்றம் வரை வெயிலில் காய்வது இந்தப் பக்கத்தில் அபூர்வம் இல்லை. இதோடு மீன் வளர்ப்புக் கூண்டுகள், கம்புகள், வலைகள். கைப்பேசியில் இருக்கும் சாதாரணச் சாலை வரைபடம் கடலை நீலமாக மட்டும் காட்டும், ஆழம் காட்டாது. ஆழம் குறித்த கடல் வரைபடம் தனியாக வேண்டும். அதில் உள்ள எண்கள் ஏறத்தாழ மிகக் குறைந்த வற்றின்போது இருக்கும் ஆழம்.

வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டி இங்கே உண்மையிலேயே பயன்படுகிறது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அடுத்த ஓரிரு நாளில் ஏற்றமும் வற்றமும் மிகப் பெரிதாக இருக்கும். நீரோட்டமும் அப்போதுதான் வலுவாக இழுக்கும். அஷ்டமி வாக்கில் இரண்டுமே சோம்பல். அஷ்டமியில் பயணம் வேண்டாம் என்பார் எங்கள் பாட்டி. கடலில் எனக்கு அஷ்டமிதான் பிடித்திருக்கிறது. பினாங்கு கடலில் ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஏற்றத்திலிருந்து வற்றத்துக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம்.

அந்த ஆறு மணி நேரமும் தண்ணீர் ஒரே சீராக இறங்குவதில்லை. உலகம் முழுக்கப் படகுக்காரர்கள் பயன்படுத்தும் பன்னிரண்டில் ஒரு பங்குக் கணக்கு இருக்கிறது. மொத்த இறக்கம் 2.4 மீட்டர் என்றால், முதல் மணியில் 20 சென்டிமீட்டர், இரண்டாவதில் 40, மூன்றிலும் நான்கிலும் 60 60, பிறகு 40, 20. அதாவது நடு இரண்டு மணி நேரத்தில் பாதித் தண்ணீர் போய்விடும். தீவில் உட்கார்ந்து "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கலாம்" என்று சொல்லும் அந்த ஒரு மணி எந்த மணி என்பதைப் பொறுத்துத்தான் நீங்கள் வீடு திரும்புவதும் சேற்றில் நிற்பதும்.

நீரோட்டம் இன்னொரு சங்கதி. கடல் மைல் என்பது 1,852 மீட்டர். மணிக்கு ஒரு கடல் மைல் என்றால் ஒரு நாட். 6 நாட் வேகத்தில் போகும் படகு பத்து நிமிடத்தில் ஒரு கடல் மைல் கடக்கும். ஓட்டம் 2 நாட் வேகத்தில் குறுக்கே இழுத்தால், அரை மணியில் ஒரு முழுக் கடல் மைல் பக்கவாட்டில் தள்ளிவிடும். படகின் மூக்கு தீவை நோக்கித்தான் இருக்கும், படகோ வேறெங்கோ போய்க்கொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். முன்னால் ஒன்று, அதற்குப் பின்னால் தூரத்தில் ஒன்று என இரண்டு அசையாப் பொருள்களை ஒரே கோட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். பாலத்தூண் ஒன்றும் அதற்குப் பின்னால் மலையுச்சி ஒன்றும் போதும். இரண்டும் விலக ஆரம்பித்தால் இழுபடுகிறீர்கள் என்று பொருள்.

2010 ஜனவரி 17 அன்று பினாங்குத் தீவின் கரையோரம் பள்ளி அணி ஒன்றின் டிராகன் படகு இழுவைப் படகுடன் மோதிக் கவிழ்ந்து 6 பேர் மாண்டதை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நீரோட்டத்தில் நங்கூரமிட்டு நிற்கும் எதற்கும், அது கப்பலோ, பாலத்தூணோ, மீன் கூண்டோ, அதன் மேலோட்டப் பக்கம் போகாதீர்கள். எஞ்சின் நின்றால் தண்ணீர் உங்களை நேரே அதன் அடியில் கொண்டுபோய்ச் செருகும். கடக்க வேண்டுமானால் ஓட்டம் விலகிப் போகும் கீழ்ப்பக்கமாகக் கடந்து செல்லுங்கள்.

மலையை அடையாளம் வைத்துக் கடல் பிடிப்பது இந்தக் கரைக்குப் பழைய வேலை. வடக்கே தெரியும் குனோங் ஜெராய், 1,217 மீட்டர், வங்கக் கடலைக் கடந்து கடாரம் வந்த கப்பல்களுக்கு அதுதான் கலங்கரை. 1834-இல் கேப்டன் ஜேம்ஸ் லோ என்பவர் நம் செபராங் பிறையின் வடபகுதியில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். சுமார் 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 'மகாநாவிகன்' புத்தகுப்தன், அதாவது பெரிய மாலுமி ஒருவர், பயணம் நல்லபடி முடிய வேண்டி வடமொழியில் வெட்டுவித்த வாசகம் அதில் இருக்கிறது. கல் இப்போது கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில். பட்டம் பெற்ற பெருமாலுமியே பயணத்துக்கு முன்னால் பயந்திருக்கிறார் என்பது எனக்கு என்னவோ ஆறுதலாக இருந்தது.

சிவப்பு, பச்சை

இரவில் எல்லாப் படகுக்கும் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. உங்கள் வலப்பக்கத்திலிருந்து குறுக்கே வரும் எஞ்சின் படகு உங்களுக்குத் தன் சிவப்பு விளக்கைத்தான் காட்டும். சாலை விளக்கு போலவே எடுத்துக்கொள்ளுங்கள், சிவப்பு தெரிந்தால் நீங்கள்தான் வழிவிட வேண்டும். நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்பக்கம் திரும்புவது விதி. மிதவைகளைப் பொறுத்தவரை, கடலிலிருந்து துறைமுகத்துக்குள் வரும்போது மலேசியாவில் சிவப்பு உங்கள் இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். அமெரிக்காவில் இது தலைகீழ் என்பதால் யூடியூப் பாடங்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

பெரிய கப்பலிடம் விதி பேசாதீர்கள். அதற்குப் பிரேக் கிடையாது, குறுகிய வழியில் திரும்பவும் முடியாது. 20 மீட்டருக்குக் குறைவான படகு அதன் பாதையை மறிக்கக் கூடாது என்பதுதான் சர்வதேச விதியே. எதிரே வரும் கப்பல், நீங்கள் பார்க்கும் திசையில் நகராமல் அப்படியே இருந்துகொண்டு பெரிதாகிக்கொண்டே வந்தால் மோதப் போகிறீர்கள். உடனே, வெளிப்படையாகத் தெரியும்படி விலகுங்கள்.

மூன்று முறை மேடே

என் தொழில் உதவிய இடம் இதுதான். கைக்கு அடக்கமான விஎச்எஃப் வானொலிக் கருவியில் 16-ஆம் அலைவரிசை அபாய அழைப்புக்கும் முதல் அழைப்புக்கும் ஆனது. கைப்பேசியில் கூப்பிட்டால் ஒருவர் மட்டும் கேட்பார். 16-இல் கூப்பிட்டால் சுற்றியிருக்கும் எல்லாப் படகும் கேட்கும், உங்களுக்கு மிக அருகில் இருப்பவர் முதலில் வருவார். எங்கள் வானொலி நிலையத்தில் மூன்று விநாடி மௌனம் வந்தாலே மேலாளர் ஓடி வருவார். 16-இல் மௌனம்தான் மரியாதை.

'மேடே' என்ற சொல் 1920-களில் லண்டன் குரொய்டன் விமான நிலைய வானொலி அதிகாரி ஒருவர் கொடுத்தது. 'உதவுங்கள்' என்று பொருள்படும் பிரெஞ்சு ஒலியிலிருந்து எடுத்தார். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே அது. மேடே மூன்று முறை, படகின் பெயர் மூன்று முறை. பிறகு மறுபடி மேடே, பெயர். அடுத்ததாக எங்கே இருக்கிறீர்கள், என்ன ஆனது, எத்தனை பேர், என்ன உதவி வேண்டும். இடத்தை முதலில் சொல்லிவிடுவது ஏன் என்றால், பேட்டரி பாதியில் போனாலும் அது மட்டும் போய்ச் சேர்ந்திருக்கும். ஜிபிஎஸ் எண் தெரிந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் "புலாவ் அமானுக்கு மேற்கே அரை மைல்" என்றாலும் போதும். பொத்தானை அழுத்தியபின் ஒரு விநாடி பொறுத்துப் பேசத் தொடங்குங்கள், முதல் சொல் வெட்டுப்படாது. பேசி முடித்ததும் பொத்தானை விட்டுவிடுங்கள். அதை விடாமல் பிடித்திருக்கும் வரை யார் பதில் சொன்னாலும் உங்களுக்குக் கேட்காது.

அண்ணி இதை ஒரு தாளில் தமிழ் எழுத்தில் எழுதி, லேமினேட் செய்து, ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவிட்டார். படகின் பெயரும் எழுதியிருக்கிறது. பதற்றத்தில் பிள்ளை பெயரே மறந்துபோகும்.

சுமத்ரா வரும் விடியல்

நம் கடலுக்கு என்று ஒரு காற்று உண்டு. ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில், நள்ளிரவுக்குப் பிறகும் விடியற்காலையிலும், சுமத்ரா பக்கமிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து கரு மேகங்கள் வரிசை கட்டி வரும். 'சுமத்ரா' என்றே அதற்குப் பெயர். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும், இடி மின்னல் சேர்ந்து வரும், ஓரிரண்டு மணி நேரத்தில் போயும்விடும். மீன் பிடிக்கப் போகிறவர்கள் கிளம்புவதும் அதே விடியற்காலையில்தான். பத்து காவான் பக்கமிருந்து பார்த்தால் மேற்கே பினாங்குத் தீவின் மலைகள் மறைப்பதால், மேகம் கண்ணில் படும்போது அது ஏற்கெனவே அருகில் இருக்கும். மேற்கில் வில்போல வளைந்த கருமேகம், திடீரென்று முகத்தில் படும் குளிர் காற்று இரண்டில் ஒன்று வந்தால் மீனை மறந்துவிட்டுத் திரும்புங்கள். மெட்மலேசியாவின் மைசுவாச்சா செயலியைக் கிளம்பும் முன் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் ஆகாது.

பெட்ரோலை மூன்றாகப் பிரியுங்கள்: போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, தொடாமல் ஒரு பங்கு. பீர் பெட்டி கரையிலேயே இருக்கட்டும், திரும்பி வந்து குடிக்கலாம்.

கடைசியாக, குளிர்பெட்டியின் கதவில் ஒட்டும் தாள். படகின் நிறமும் பெயரும், ஏறியவர்களின் பெயர்கள், கிளம்பும் படகுத்துறை, போகும் இடம், காரின் எண், திரும்பும் நேரம். வீட்டில் இருப்பவருக்கு அந்த நேரத்தோடு ஒரு மணி கூட்டிச் சொல்லிவையுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு அம்மாவுடையது. தாளின் அடியில் அவரே பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டது: "5 மணிக்கு வரணும். 6 மணி வரைக்கும் ஃபோன் வரலைன்னா 999. கடலோர அமலாக்கத்தைக் கேக்கணும். அவங்க கோவிச்சுக்குவாங்களேன்னு பாக்கக் கூடாது."